யெஸ் சுவர், நோ சுவர்

1

நானும் மகள் யாழினியும் அயர்லாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம். கேசரி கிண்டலாமா, கேக் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவள் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. மகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், அடுத்த வாரம் வர முடியுமா என்றார்கள். அதோடு கேக்கும் போச்சு, கேசரியும் போச்சு. பெரம்பலூரில் வாத்தியாராக இருந்தபோது எத்தனையோ பெற்றோரை இப்படிக் கூப்பிட்டு வயிற்றைக் கலக்கியவன் நான். இப்போது என் முறை.

என் மனைவி செல்வி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்கு முன்பே வந்தவள். அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் நாங்கள். நான் காலையில் ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்குகிறேன். இங்கே ஆசிரியராகப் பதிவு செய்ய எழுதிப் போட்டேன். பி.எட். படித்தபோது எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன் என்று படித்த கல்லூரி எழுதித் தர வேண்டுமாம். கல்லூரிக்குப் போன் போட்டால், "அதெல்லாம் யாரு சார் எழுதி வச்சிருக்கா, பாஸ் பண்ணிட்டீங்கல்ல" என்கிறார்கள். இரண்டு பேரும் அவரவர் இடத்தில் சரியாகத்தான் இருக்கிறார்கள். நடுவில் நான் ரொட்டி அடுக்குகிறேன்.

யாழினிக்குப் பன்னிரண்டு வயது. அவளைப் பற்றிப் பள்ளி மின்னஞ்சலில் அனுப்பியதைப் படித்தேன். வரலாறு, அறிவியல், கணக்கு என்று மூன்று ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே குறை: அவள் எடுக்கும் முடிவும் சொல்லும் காரணமும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. ஆகவே ஆராய்ந்து மதிப்பிடும் திறனில் பின்தங்கியிருக்கிறாள். வரலாற்று வகுப்பிலிருந்தும் அறிவியல் வகுப்பிலிருந்தும் அவளை எடுத்து, தனி உதவி வகுப்பில் உட்காரவைக்க யோசனை. கடைசியில் ஒரு வரி, கடந்த சில வாரங்களாக முன்னேற்றம் தெரிகிறது என்று.

என் மகளுக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். வேறு என்ன எழுதியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். கையெழுத்து மோசம் என்று எழுதலாம், அது உண்மை. இதைப் படித்ததும் எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

2

இங்கே வகுப்பு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

வகுப்பறையின் ஒரு சுவரில் யெஸ் என்று பெரிய தாள் ஒட்டியிருக்கும். எதிர்ச் சுவரில் நோ. ஆசிரியர் ஒரு படத்தையோ சோதனையையோ போட்ட கணக்கையோ காட்டி ஒரு கேள்வி கேட்பார். பிள்ளைகள் எழுந்து தங்களுக்குச் சரியென்று படும் சுவருக்கு நடந்துபோய் நிற்க வேண்டும். பிறகு, ஏன் இங்கே நிற்கிறாய் என்று ஒவ்வொருவராகக் கேட்பார். எதிர்ப் பக்கத்தில் இருப்பவன் சொன்ன காரணம் பிடித்துப்போனால் நடுவிலேயே சுவர் மாறலாம். அதில் ஒரு அவமானமும் இல்லை. வரலாற்றில் இது, அறிவியலில் இது, கணக்கிலும் இதுதான். பாடம் மாறினாலும் கேள்வி ஒன்றுதான். உனக்கு எப்படித் தெரியும், இந்தச் சான்று போதுமா, இதைச் சொல்கிறவருக்கு இதில் என்ன லாபம்.

இதைக் கேட்டபோது எனக்கு வந்தது பொறாமை. சத்தியமாகப் பொறாமைதான். ஏனென்றால் பெரம்பலூரில் நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் இதையே திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்தேன்.

அங்கே வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் தப்புப் பீரியட். நான் போர்டில் ஒரு கணக்கை முழுதாகப் போட்டு, நடுவில் எங்கேயோ ஒரு தப்பை ஒளித்துவைப்பேன். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது ஏன் தப்பு என்று எனக்குப் புரியவைக்க வேண்டும். நான் மக்குப்பிள்ளைபோல வாதாடுவேன். கணக்கு அலுத்துப்போனால் மக்காச்சோள விதைப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போவேன். ஏக்கருக்கு இத்தனை மூட்டை நிச்சயம் என்று அதில் அச்சடித்திருக்கும். பாதிப் பிள்ளைகள் சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற வீட்டுப் பிள்ளைகள், விடுவார்களா. "எந்த மண்ணுலன்னு போடலயே சார்." "மழை இல்லாட்டியும் நிச்சயமா சார்?" "நிச்சயம்ங்கிறது யாரு, வெளைய வச்சவனா வித்தவனா?" ஒரு பாக்கெட்டில் கணக்கு, அறிவியல், தமிழ் மூன்றும் முடிந்துவிடும்.

ஒரு நாள் பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டார். ஒரு பையனின் நோட்டில் தப்பான கணக்கைப் பார்த்துவிட்டு அவன் அம்மா நேரே அவரிடம் வந்திருக்கிறார்.

"சார், நீங்க நல்லாத்தான் நடத்துறீங்க. தப்ப எதுக்கு சார் போர்டுல எழுதணும்? சரியானத எழுதவே நேரம் பத்தல."

"பசங்க கண்டுபுடிக்கிறதுக்குங்க."

"கண்டுபுடிச்சு? பரீட்சைல கேக்கவா போறான்?"

தப்புப் பீரியட் நிறுத்தப்பட்டது. நான் அதற்கு ரிவிஷன் என்று பெயர் மாற்றி அடுத்த வெள்ளிக்கிழமையே நடத்தினேன். கரஸ்பாண்டன்ட் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்.

அங்கே நான் ஒளிந்து செய்ததை இங்கே அட்டவணை போட்டுச் செய்கிறார்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்துகொண்டு என் பிள்ளை யோசிக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியிருக்கிறாள். இதை எங்கே போய்ச் சொல்வது.

3

யாழினியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். வரலாற்று வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டேன். இப்போதெல்லாம் அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. பள்ளி எப்படி இருந்தது என்றால் "ம்". என்ன நடத்தினார்கள் என்றால் "சும்மா". அன்றைக்குத் தோண்டித் துருவித்தான் வாங்கினேன்.

இந்த ஊரில் முன்பு ஒரு துணி ஆலை இருந்ததாம். அதன் பழைய போட்டோ ஒன்றை ஆசிரியர் காட்டினாராம். தொழிலாளர்கள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். எடுத்தது ஆலை முதலாளி.

"நான் சொன்னேம்ப்பா. மொதலாளி எடுத்த போட்டோல சிரிக்காம என்ன பண்ணுவாங்க. அரியலூர்ல சிமெண்ட் ஆலைக்காரங்க குடுக்குற காலண்டர்ல மரமெல்லாம் பச்சையா இருக்கும். ரோட்டுல போயி பாத்தா எலையெல்லாம் தூசு படிஞ்சு வெள்ளையா இருக்கும். அதனால அத நம்ப முடியாதுன்னு."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தப்புப் பீரியடில் ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால் வகுப்பே கைதட்டியிருக்கும்.

"சரியாத்தானே சொல்லியிருக்க. அப்புறம் என்னவாம்?"

"காரணம் நல்லா இருக்கு, ஆனா தப்பான செவுத்துல நிக்கிறேன்னாரு. எனக்குப் புரியல. எல்லாரும் சிரிச்சாங்க."

அறிவியலிலும் இதே கதை. ஜன்னலோரம் ஒரு தொட்டி, அதற்குத் தண்ணீர் உண்டு. அலமாரிக்குள் ஒரு தொட்டி, அதற்குத் தண்ணீர் இல்லை. இரண்டாவது செடி வாடிவிட்டது. வெளிச்சம் இல்லாததால்தான் வாடியது என்று சொல்ல முடியாது, தண்ணீரும் இல்லையே என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதுவும் சரி. அங்கேயும் தப்பான சுவர்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது டியூட்டி முடிந்து வந்த செல்வி, பாத்திரம் கழுவிக்கொண்டே மகளைக் கேட்டாள்.

"டிபன் பாக்ஸ் கொண்டாரலயாடி?"

"ஆமா."

"ஸ்கூல்லயே வுட்டுட்டு வந்துட்டியா? ஒனக்கு இதே வேலையாப் போச்சு."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "யாழினி, இப்ப அம்மா கேட்டதுக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்லு. யெஸ்ஸா, நோவா?"

"யெஸ்."

"அந்தப் போட்டோவுக்கு ஒங்க சார் என்ன கேள்வி கேட்டாரு? நம்பலாமான்னா, நம்ப முடியாதான்னா?"

அவள் யோசித்தாள். "நம்ப முடியாதான்னு. அவரு எப்பவுமே அப்படித்தான் மாத்திக் கேப்பாரு. மத்த ரெண்டு பேரும் அப்படித்தான். யோசிக்க வைக்கிறதுக்காம்."

அவ்வளவுதான் விஷயம். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, "இந்த பஸ் திருமானூர் போவாதா?" என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டர், "ஆமாங்க, போவாது, பின்னாடி வர்றதுல ஏறுங்க" என்பார். சில பேர் "இல்ல" என்றும் சொல்வார்கள். ஆனால் அந்த ஆமாவைக் கேட்டு யாரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவதில்லை. நம்முடைய ஆமா, கேட்ட ஆளுக்குச் சொல்வது. நீங்கள் நினைத்தது சரிதான் என்று அர்த்தம். இவர்களுடைய யெஸ் விஷயத்துக்குச் சொல்வது. போகும் என்றால்தான் யெஸ். போகாது என்றால், நீங்கள் எப்படிக் கேட்டிருந்தாலும் நோ.

நம்ப முடியாதா என்று அவர் கேட்டார். ஆமா, நம்ப முடியாது என்று என் மகள் யெஸ் சுவருக்கு நடந்தாள். நம்புகிறவர்களோடு போய் நின்றுகொண்டு, நம்பக் கூடாது என்பதற்கு அந்த வகுப்பிலேயே நல்ல காரணத்தைச் சொன்னாள். அவள் மூளையில் ஒரு குறையும் இல்லை. ஒரு சொல் இரண்டு ஊரில் இரண்டு பக்கம் போகிறது, அவ்வளவுதான்.

செல்வி கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வந்த புதுசுல எனக்கும் இப்படித்தான் ஆச்சு. வலி இல்லையான்னு கேட்டா எதிர்ல இருக்கிறவங்க நோம்பாங்க. வலி இருக்குன்னு நெனச்சு எனக்கு ஒரு நிமிசம் தூக்கிவாரிப் போடும்."

நானும் சிரித்தேன். பிறகு அந்தக் கடைசி வரி ஞாபகம் வந்தது. "சரி, இப்ப சில வாரமா முன்னேற்றம்னு எழுதியிருக்காங்களே. அது எப்படி?"

யாழினி தரையைப் பார்த்தாள். "இப்பல்லாம் நான் யோசிக்கிறது இல்லப்பா. எல்லாரும் எழுந்திரிச்சதும் அவங்க கால் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாப்பேன். அந்தப் பக்கம் போயிருவேன். அங்க யாராச்சும் சொல்ற காரணத்தையே நானும் சொல்லிருவேன்."

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, பயம் வந்தது. யோசித்தபோது தேறாதவள், யோசிப்பதை நிறுத்தியதும் தேறிவிட்டாளாம். அதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

4

சந்திப்புக்கு நானும் யாழினியும் போனோம். செல்விக்கு டியூட்டி. உதவி வகுப்புப் பொறுப்பாளர் மிஸஸ் டொனல்லி இருந்தார். வரலாற்று ஆசிரியரும் வந்திருந்தார், சட்டைக் கையை மடித்துவிட்ட இளைஞர். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். தேநீர் கொடுத்தார்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

என் ஆங்கிலம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இலக்கணம் சரியாக வரும், கோபம் வராது. கோபத்தை மொழிபெயர்க்கும்போது அது விண்ணப்பமாகிவிடுகிறது. ஆனாலும் விடவில்லை. போட்டோவைச் சொன்னேன், செடியைச் சொன்னேன், திருமானூர் பஸ்ஸைக்கூடச் சொன்னேன். வரலாற்று ஆசிரியர் முன்னால் சாய்ந்து கேட்டார். மிஸஸ் டொனல்லி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, மிகவும் சுவாரஸ்யமாக இருக்கிறது என்றார். அந்தச் சொல்லை இங்கே எப்போது சொல்வார்கள் என்பது எனக்கு இப்போது தெரியும். ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால் சொல்வார்கள்.

"மொழிதான் காரணம் என்றாலும் அவளுக்கு உதவி தேவை என்றுதானே ஆகிறது?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"மொழிக்கு உதவி கொடுங்கள். யோசிக்கிற வகுப்பிலிருந்து எதற்கு எடுக்கிறீர்கள்? அங்கேதான் அவள் நன்றாக யோசித்திருக்கிறாள். நீங்கள் மதிப்பிட்டது அவள் நின்ற இடத்தை. அவள் சொன்ன காரணத்தை யாரும் கணக்கில் எடுக்கவே இல்லை."

யாழினி என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, வுடுங்கப்பா."

மிஸஸ் டொனல்லி பொறுமையாக என்னைப் பார்த்தார். "அப்படியானால், அவள் உதவி வகுப்புக்குப் போவதை நீங்கள் விரும்பவில்லையா?"

"யெஸ்," என்றேன் நான், ஆணித்தரமாக.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லது. திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம்."

எனக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. இத்தனை நேரம் பஸ்ஸையும் கண்டக்டரையும் வைத்துப் பாடம் நடத்திய வாத்தியார் அதே குழியில் விழுந்திருக்கிறேன். யாழினிதான் எழுந்து நின்றாள்.

"இல்லை மிஸ். அப்பா வேண்டாம் என்கிறார். நீங்கள் சொன்னது சரி, அவர் விரும்பவில்லை, அதற்குத்தான் யெஸ்." அவள் அதோடு நிறுத்தவில்லை. "நானும் இப்படித்தான் சுவருக்குப் போனேன். இப்போது மற்றவர்களின் காலைப் பார்த்துப் போகிறேன். போன வாரம் நான் சொன்ன காரணம் பக்கத்தில் இருந்தவள் சொன்னது. நான் யோசித்தது எதிர்ப் பக்கம்."

வரலாற்று ஆசிரியர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எத்தனை வாரமாக?" என்று கேட்டார்.

"எல்லாரும் சிரித்ததிலிருந்து."

அவர் முகம் சிவந்துவிட்டது. மிஸஸ் டொனல்லியைப் பார்த்து, கேள்வியை மாற்றிக் கேட்பது தன் பழக்கம், அதில் தப்பு தன்னுடையதுதான் என்றார். இவளை வகுப்பிலிருந்து எடுக்க வேண்டாம் என்றார். இனிமேல் எல்லோரும் காரணத்தை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் சுவருக்கு நடக்க வேண்டும், அப்போது யார் காலை யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும் என்றார். மிஸஸ் டொனல்லி யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

கிளம்பும்போது மிஸஸ் டொனல்லி வாசல்வரை வந்து என் கையைக் குலுக்கினார். "ஒன்றே ஒன்று. வீட்டில் இனிமேல் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். இந்த மாதிரிக் குழப்பமெல்லாம் தானாகப் போய்விடும். பேசுவீர்கள்தானே?"

"யெஸ், யெஸ்," என்றேன் நான், பல்லெல்லாம் தெரிய.

5

ஜெயித்த கையோடு தெருவில் நடந்தேன். அன்றைக்குத்தான் இந்த ஊர் எனக்குக் கொஞ்சம் அழகாகத் தெரிந்தது. யாழினி மட்டும் இரண்டடி பின்னாலேயே வந்தாள். பேக்கரி முனையில் நின்றுவிட்டாள்.

"வூட்டுல இங்கிலீஷ் பேசப் போறீங்களா?"

"எவன் பேசுவான்? நீ வேற."

"அப்ப எதுக்கு யெஸ், யெஸ்ஸுன்னீங்க?"

"சும்மா, வாயில வந்துருச்சு. அந்தம்மா இவ்வளவு தூரம் எறங்கி வந்துருக்காங்க, அவங்க மனசு நோவக் கூடாதுல்ல."

"நானும் அதத்தானே பண்ணேன்," என்றாள் யாழினி. "கால பாத்துப் போனேன். அதுக்கு மட்டும் அன்னிக்கி அப்படி மூஞ்சிய வச்சிருந்தீங்க."

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகள் எதிர்த்துப் பேசினால் நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று தெரியும். வாய் நீளம் என்பார்கள். இங்கே வந்த புதிதில் என் அக்காகூடப் போனில் கேட்டாள், புள்ளைக்கு வாய் ரொம்ப நீண்டுடுச்சாமே என்று. நீளட்டும் என்றேன் அக்காவிடம். அந்த வாய் என் பக்கம் திரும்பியபோதுதான் அது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

"அப்பாவால வூட்டுல இங்கிலீஷ் பேச முடியாதும்மா."

"அது நீங்க நிக்கிற எடம். காரணம்?"

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டாள், கையைக் கட்டிக்கொண்டு. நம் மொழி, நம் பண்பாடு என்று மேடைப்பேச்சு ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் இவள் ஒரே நிமிஷத்தில் பிரித்துப் போட்டுவிடுவாள் என்று தெரிந்தது. அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"தமிழ்ல எனக்குச் சண்ட போடத் தெரியும். தப்பாப் பேசத் தெரியும். நீ கண்டுபுடிச்சீன்னா தோத்துப் போகவும் தெரியும். இங்கிலீஷ்ல எனக்கு இதெல்லாம் வராது. அதுல பேசுனா ஒங்கப்பன் எல்லாத்துக்கும் யெஸ்ஸுன்னு மட்டும்தான் சொல்வான். நீ என்ன சொன்னாலும் யெஸ். அப்படி ஒரு அப்பன வச்சுக்கிட்டு நீ யாருகிட்ட யோசிக்கக் கத்துக்குவ?"

யாழினி கட்டியிருந்த கையைப் பிரித்தாள். "இது காரணம்," என்றாள். "இத அங்க சொல்லியிருக்கணும்."

"இப்ப என்ன பண்றது? வந்தாச்சே."

"அவங்க இன்னும் கெளம்பியிருக்க மாட்டாங்க."

வந்த வழியே திரும்பினோம். ஜெயித்துவிட்டு வந்த இடத்துக்கு மறுபடி போய், ஒப்புக்கொண்டதை இல்லை என்று சொல்லப்போகிறேன். கொடுத்ததையும் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. யாழினி எனக்கு முன்னால் நடந்தாள். கதவைத் தட்டியதும் அவள்தான்.

மிஸஸ் டொனல்லி கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது மறந்துவிட்டீர்களா என்று கேட்டார்.

என் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். வினைச்சொல் இரண்டு இடத்தில் தடம் புரண்டது, ஒரு சொல்லுக்கு மகளைக் கேட்டேன். வீட்டில் தமிழில்தான் பேசுவோம் என்று முதலில் சொல்லிவிட்டு, காரணத்தையும் கடைசிவரைக்கும் சொன்னேன். கோட்டைப் பாதி மாட்டியபடியே அவர் நின்று கேட்டார். நடுவில் இரண்டு தடவை, "உங்களுக்கு வேறு வழியே இல்லையா, ஆங்கிலத்தில் முயன்று பார்க்க மாட்டீர்களா?" என்றார். இரண்டு தடவையும், வாய்க்கு வந்த யெஸ்ஸை விழுங்கிவிட்டு, நோ என்றேன்.